டிராம் நிறுத்தத்து அபின் கடையும் நானும்

அபின் தின்கிறவர் வீட்டுக்கு உதவப் போகிறவனை யாரும் வாசல் வழியாக உள்ளே விடமாட்டார்கள். இந்தத் தொழிலில் இறங்குமுன் எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். வெட்கப்படாமல் மேலே படியுங்கள், இங்கே நாம் மட்டும்தான்.

பிழைப்புக்கு நான் கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில், நான் குடியிருக்கும் காளிகாட்டிலேயே நம் தமிழ் ஜனங்கள் இருக்கும் வீடுகளுக்குப் போவேன். அபினில் விழுந்தவரை டாக்டரிடம் கூட்டிப்போவது, வீட்டாருக்குத் தைரியம் சொல்வது, டிராம் நிறுத்தத்தருகே சர்க்கார் லைசென்ஸோடு நடக்கும் அபின் கடையை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி மனு எழுதுவது, இவைதான் வேலை. ஆபீஸ் விட்டு வருகிற ஆண்கள் எல்லோரும் அந்தக் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரவேண்டும். என் அண்ணாவால் தாண்ட முடியவில்லை. வயிற்றுவலிக்கு மருந்தென்று ஆரம்பித்தவர் மூன்று வருஷத்தில் போய்விட்டார். கேட்டவர்களிடமெல்லாம் வாந்திபேதி என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பின் வீட்டில் நான் ஒருவன்தான்.

திடீர் ஜோசியர்

பாங்கி உத்தியோகஸ்தர் ராமநாதனின் மனைவி ஜானகி அம்மாள், முதல் நாளே என் கையில் ஒரு பஞ்சாங்கத்தைத் திணித்தாள். ஜாதகம் பார்க்க வந்தவன் என்று தெரு நினைக்க வேண்டுமாம். ராமநாதன் நல்ல மனுஷர். டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார். இவரும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டார். டிராமை விட்டு இறங்குகிற நேரம்தான் அவருக்கு ஆகாத நேரம். டாக்டர் செய்த அத்தனையும் அந்தக் கடைவாசலில் பாழாகிவிடும்.

நாலாவது வாரம் எதிர்வீட்டு மாமி தன் பெண்ணின் ஜாதகத்தோடு வந்து நின்றாள். எனக்கு மேஷமும் தெரியாது, மீனமும் தெரியாது. ஜானகி அம்மாளைப் பரிதாபமாகப் பார்த்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "எதையாவது பார்த்துச் சொல்லி வையுங்கோ. இல்லேன்னா நீங்க இங்கே எதுக்கு வரேள்னு கேப்பா."

கடைக்காரர்

ராமநாதனுக்கு விற்காதீர்கள் என்று சண்டை போடத்தான் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதான வங்காளி. முக்காலியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். நான் கத்தி முடிக்கிறவரை கேட்டுவிட்டு, "லைசென்ஸ் கொடுத்தது சர்க்கார், அவர்களிடம் சொல்லுங்கள்" என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்கள் அந்த மதராஸி பாபுவின் தம்பியா?" என்று கேட்டார்.

அண்ணா அந்த வாசலில் நின்று தெருநாய்க்கு பிஸ்கட் போடுவாராம். கடைக்காரர் மகளுக்கு ஜுரம் வந்தபோது தினமும் விசாரித்தாராம். அண்ணா போன பிறகு அவரைப் பற்றி என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாந்திபேதி என்றதும் பேச்சு நின்றுவிடும். அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். வெட்கக்கேடுதான், என்ன செய்ய? ஒருநாள் அவர், 'ஐயா' என்பதற்கு வங்காளிகள் சொல்லும் 'மோஷாய்' போட்டுச் சொன்னார்: "பாபு போய்விட்டார் என்று எனக்கு மறுநாளே தெரியும், மோஷாய். வாங்க வரவில்லையே."

கையெழுத்து

கடை போகவேண்டும் என்பதில் தெருவில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. மனுவை நீட்டினால்தான் எல்லோருக்கும் மூக்குக்கண்ணாடி காணாமல் போய்விடும். பென்ஷன் வாங்கின ஒரு பெரியவர் மட்டும் மனசை விட்டுச் சொன்னார்: "கடை கட்டாயம் போகணும் ஓய். ஆனா என் பேர் வேண்டாம். கையெழுத்துப் போட்டா, உங்காத்திலே யாரு தின்றான்னு கேப்பா."

கடைசியில் என் ஒரு கையெழுத்தோடு, அபின் கடைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆப்காரி ஆபீஸுக்குப் போனேன். துரை மரியாதையாகத்தான் நடத்தினார். மனுவை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்கள் ஜனங்களில் ஒருவருக்கும் கெடுதல் இல்லையென்றால், கடை அங்கேயே இருந்தால் என்ன?"

வாசல் வழியாக

மனுவைத் திருப்பி எழுதினேன். முதல் வரியில் என் பெயர். அடுத்த வரியில், என் அண்ணா செத்தது அபினால், வாந்திபேதியால் அல்ல. அதை வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்டினேன். எதிர்வீட்டு மாமி ஜாதகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பஜனையில் என் பக்கத்தில் உட்காருகிறவர் நாலு பேர் தள்ளிப் போய் உட்கார்ந்தார். ஒரு வாரம் என்னோடு பேசியது பால்காரன் மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு, தெரு முழுக்கப் பார்க்கிற பட்டப்பகலில், ஜானகி அம்மாள் புருஷனை அழைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். ராமநாதன் தலையைக் குனிந்தபடி கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே அவளும் போட்டாள். அதற்குப் பிறகு இன்னும் ஆறு வீட்டார் போட்டார்கள். புறப்படும்போது அவள் சொன்னாள்: "வாந்திபேதின்னு நீங்க சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும். அந்த வாசனை எங்காத்திலேயும் உண்டே."

இடமாற்றம்

உத்தரவு வந்தது. கடை, துறைமுகத்துப் பக்கம், கிடர்பூர் பாலத்துக்கு அப்பால் போகவேண்டும். ராமநாதன் பிழைத்துவிட்டார் என்று நான் இன்னும் சொல்லமாட்டேன். ஆனால் டிராமை விட்டு இறங்கினால் நேரே வீட்டுக்கு வருகிறார். துறைமுகத்துக் கூலிகளுக்கு இனி யார் மனு எழுதுவது என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது. அதையும் நான்தான் எழுதவேண்டும்.

சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிய அன்று எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். கிட்டே போக முகமில்லை. கடைக்காரர் தானே தெருவைத் தாண்டி வந்தார். என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "எனக்குக் கோபமில்லை, மோஷாய். ஆனால் பாபுவைப் பற்றி இனி யாரிடம் பேசுவீர்கள்?"

ஆகக்கூடி, இத்தனை பெரிய கல்கத்தாவில் என் அண்ணாவைப் பற்றிப் பேச எனக்கிருந்த ஒரே மனிதரை, நானே மனுப்போட்டு, நல்ல கையெழுத்தில், பாலத்துக்கு அப்பால் அனுப்பிவைத்தேன்.