மேசை மாறும் குரங்கு

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஆபீஸில் எனக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. மேசை துடைப்பேன், பேன்ட்ரியில் டீ காபி பார்த்துக்கொள்வேன். வீடு ஜோகுபாளையத்தில். பஸ் மாறிப் போக வேண்டும்.

சேர்ந்த புதிதில் இவர்கள் வேலையே செய்வதில்லை என்று நினைத்தேன். ஜன்னலோரத்தில் ஒரு பெரியவர், வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இன்னொருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டிருப்பாள். ஏசி குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டர். ஒரு சத்தம் இருக்காது.

பிறகுதான் தெரிந்தது, அதுதான் வேலை. காதில் ஹெட்போன் இருந்தால் கூப்பிடக் கூடாது. மனதில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், கூப்பிட்டால் அறுந்துவிடும். என் வீட்டுக்காரர் வெல்டிங் வேலை செய்கிறவர். பற்ற வைக்கும்போது அவர் தோளைத் தட்டுவேனா? அது மாதிரிதான்.

காலையில் எல்லோரும் வட்டமாக நின்று பேசுவார்கள். உட்கார்ந்தால் பேச்சு வளருமாம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தெரியவில்லை என்று சொல்ல ஒருவரும் கூச்சப்பட மாட்டார்கள். அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எங்கள் சூப்பர்வைசரிடம் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது.

குறை இல்லாமல் இல்லை. காபியைப் பாதி குடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். கப்பைக் கழுவ மாட்டார்கள்.

அங்கே ஒரு குரங்கு பொம்மை உண்டு. துணிப் பொம்மை. ஒரு காது கிழிந்து தொங்கும். அது ஒரே மேசையில் இருக்காது. கொஞ்ச காலம் ஒருவர் மேசை, பிறகு வேறொருவர் மேசை. நன்றாக வேலை செய்தவருக்குக் கொடுக்கிற பரிசு என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதனால் தனியாக எடுத்து, பதமாகத் துடைத்து வைப்பேன். டீம் லீடர் மேசையில் அது நெடுநாள் இருந்தது. கெட்டிக்காரர், இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். சேலம் பக்கம். என்னை அக்கா என்பாள். தன் கப்பைத் தானே கழுவுவாள்.

"அப்பா தறி ஓட்றாருக்கா. எனக்கு வேலை பர்மனென்ட் ஆகட்டும், அவரை நிறுத்தச் சொல்லிடுவேன்" என்று ஒருநாள் சொன்னாள்.

பர்மனென்ட் ஆவதற்குள் அந்தக் காலை வந்தது.

நான் பக்கத்து வரிசையில் துடைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலிகளைப் பின்னால் தள்ளுகிற சத்தம். நிமிர்ந்தால், எல்லோரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் மேசைக்குப் பின்னால் நிற்கிறார்கள். மருந்துக் கடைகள் ஆர்டர் போடுகிற புரோகிராம் இவர்களுடையது. கடைக்காரர்கள் உபயோகிப்பதற்கு லைவ் என்று பெயர். பழகிப் பார்க்க அதே மாதிரி இன்னொன்று, அது டெஸ்ட். திரையில் இரண்டும் ஒரே கறுப்பு ஜன்னல். டெஸ்ட் என்று நினைத்து லைவை அழித்துவிட்டாள். கடைகளில் ஓர் ஆர்டரும் தெரியவில்லை. போன் அடிக்க ஆரம்பித்தது.

அவள் பேன்ட்ரிக்கு ஓடி வந்தாள்.

"போச்சுக்கா. எல்லாம் போச்சு."

"என்னம்மா போச்சு?"

"வேலைதான். அப்பாகிட்ட என்னான்னு சொல்லுவேன்?"

"மொதல்ல டீ குடி."

"எறங்காதுக்கா."

எனக்கும் வேலை போச்சு என்றுதான் பட்டது. எங்களை வேலைக்கு வைத்திருக்கிற ஏஜென்சியில் கண்ணாடி ஜாடி உடைத்தவளை அன்றே அனுப்பினார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை.

டீம் லீடர் உள்ளே வந்தார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். அப்புறம் என்பதை ஆமேலே என்பார்.

"இங்க என்ன பண்றே? வா, பேக்கப்லேர்ந்து எடுக்கணும். நீ என்ன டைப் பண்ணேன்னு உனக்குத்தானே தெரியும்?"

"சாரி சார்..."

"சார் வேணாம்னு எவ்ளோ வாட்டி சொல்றது? சாரி ஆமேலே சொல்லு."

அவளை அவள் நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். கீபோர்டை யாரும் பிடுங்கவில்லை. அவள் டைப் அடிப்பாள். எண்டர் தட்டும் முன் சத்தமாகப் படிப்பாள். பின்னால் நிற்கிறவர்கள் பார்த்து "ம்" என்றால்தான் தட்டுவாள். சாப்பாடு டப்பாவிலேயே ஆறியது. முந்தின ராத்திரியே நகல் எடுத்து வைத்திருந்த பேக்கப்பிலிருந்து பழைய ஆர்டர்கள் திரும்பி வந்தன. அன்று காலையில் போட்டவை அதில் இல்லை. கடை கடையாகப் போன் போட்டுக் கேட்டு வாங்கினார்கள். டீம் லீடரும் போன் போட்டார்.

மறுநாள் கண்ணாடி ரூமில் மீட்டிங். மேனேஜரும் வந்திருந்தார். இன்றைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். டீ கொண்டுபோனவள், பேச்சு காதில் விழட்டும் என்று மெதுவாகத்தான் வைத்தேன். இங்கிலீஷ், தமிழ், கன்னடம் எல்லாம் கலந்த பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்குப் பழகியிருந்தது.

"யாரு பண்ணதுன்னு இங்க பேச்சில்ல. எப்பிடி நடக்க முடிஞ்சுது, அத சொல்லுங்க" என்றார் டீம் லீடர்.

"ரெண்டு ஜன்னலும் ஒரே கறுப்பு. யாரா இருந்தாலும் மாறும்" என்றார் மரம் பார்க்கிறவர்.

"புதுசா வந்தவங்களுக்கு லைவ அழிக்கிற பர்மிஷன் எதுக்குக் குடுத்தோம்? நம்ம தப்பு அது" என்றாள் சம்மணம் போடுகிறவள். "லைவ் ஜன்னல் செவப்பா இருக்கட்டும். பத்தலைன்னா சைரன் வைங்க."

"உனக்கு சைரன் எங்க கேக்கும்? ஹெட்போன் காதோட ஒட்டிக்கிச்சே" என்றார் மரம் பார்க்கிறவர்.

சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"ரிப்போர்ட்ல பேர் வேணாம்" என்றார் மேனேஜர்.

டீம் லீடர் வெளியே போய், தன் மேசையிலிருந்த குரங்கை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இவளுக்கா பரிசு?

"எதுக்கு இது?" என்று அவளும் கேட்டாள்.

"லைவ ஒடச்சவங்க மேசைல இது இருக்கும். அடுத்த ஆள் ஒடைக்கிற வரைக்கும். ஒரு தடவ நான் மொத்தத்தையும் படுக்க வெச்சேன். எங்கிட்டயே இருந்து இருந்து பேஜாராயிடுச்சு."

"காது ஏன் கிழிஞ்சிருக்கு?"

"அது மேனேஜர்கிட்ட இருந்தப்போ."

மேனேஜர் டீயை ஊதிக் குடித்தார்.

"அப்போ என்னை அனுப்பலையா?"

"அனுப்பிட்டா கொரங்க யாரு பாத்துக்கறது?"

அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இவ்வளவு காலம் பரிசு என்று துடைத்திருக்கிறேன். அதற்குப் பிறகும் அப்படியேதான் துடைத்தேன்.

லைவ் ஜன்னல் இப்போது சிவப்பு. தள்ளி நின்றாலே எனக்குத் தெரியும். அவளுக்கு வேலை பர்மனென்ட் ஆனது. பேன்ட்ரியில் நின்றுதான் அப்பாவுக்குப் போன் போட்டாள். "தறிய நிறுத்துப்பா" என்றாள். அவர் என்ன சொன்னாரோ, "சரி, பாதியாவது கொறச்சுக்கோ" என்றாள்.

போன மழைக்காலத்தில் மரம் பார்க்கிறவர் லைவை உடைத்தார், வேறு ஏதோ விதத்தில். சரிசெய்து முடித்த பிறகு, அவளே குரங்கைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தாள். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காது தெச்சிருக்கே, எப்போ?"

"எங்கிட்ட இருந்தப்போ" என்றாள்.