தாத்தாவின் காலில் நான் உட்கார்ந்த கோடை

சாக்கோட்டைச் சாலையில் இருக்கிற செங்கல் சூளை என்னுடையது. காரைக்குடியில் ஒரு சிமெண்டுக் கடை, ஓட்டத்தில் இரண்டு லாரி, தண்ணீரே வராது என்று ஊர் சிரித்த மேட்டு நிலத்தில் நான் போட்ட ஆழ்துளைக் கிணறு, எல்லாம் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் சம்பாதித்தது. நம் கோயில் வாசல் வளைவும் நான் கட்டிக் கொடுத்ததுதான். அதில் பெயர் போட மறந்துவிட்டார்கள். அதைப் பேச நான் வரவில்லை. இந்த வருடத் திருவிழா மலரில் என் தாத்தாவைப் பற்றி எழுதப்போகிறார்களாம். படுத்த படுக்கையாகக் கிடந்தவர் புனிதரின் அருளாலும் வைத்தியரின் தைலத்தாலும் எழுந்து வந்து சப்பரம் தூக்கினார் என்று. அந்த வீட்டில் கூடவே இருந்தவன் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

சப்பரத்தைச் சுமக்கிற கொம்புகளில் முன் வலது கொம்பு தாத்தாவின் தோளுக்கென்றே இருந்தது. அந்த வருடம் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு படுத்தார். காய்ச்சல் விட்டது, வீட்டார் விடவில்லை. அவர் காலைத் தரையில் ஊன்றினாலே அம்மா ஓடி வருவாள்.

"மாமா, எந்திரிக்காதீக. என்ன வேணுமின்னாலும் கூப்பிடுங்க, நாங்க இருக்கோம்ல."

"காலு மரத்துக் கெடக்கு ஆத்தா. செத்த நேரம் கெணத்தடி வரைக்கும் போயிட்டு வாறேன்."

"இத்தனை ஆம்பளைப் பிள்ளைகளைப் பெத்துட்டு நீங்க தண்ணி எறைச்சா ஊரு காறித் துப்பாதா?" என்பார் அப்பா.

எங்கள் பக்கத்தில் பெரியவருக்குச் செய்கிற மரியாதை அதுதான். கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி வைத்தார்கள். வாளிக் கயிற்றை வாங்கினார்கள். கடைசியில் சோற்றையும் வாங்கிக்கொண்டார்கள். வயதானவருக்கு முட்டையும் கருவாடும் செமிக்காது என்று மூன்று வேளையும் கருப்பட்டி போட்ட கஞ்சி. பொங்கல் வருவதற்குள் அவர் தொடைச் சதை ஈரத் துணி மாதிரி தொங்கிப்போனது. அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொல்லைப்புறம் தூக்கிப் போவார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். எனக்கு அப்போது ஏழு வயது. தூக்கிக்கொண்டு போக இரண்டு ஆள் இருந்தும் இவர் ஏன் முகத்தை இப்படி வைத்துக்கொள்கிறார் என்று நினைப்பேன். என்னை யாரும் தூக்குவதில்லை.

மாசியில் கோயில் காரியஸ்தர் வீட்டுக்கு வந்தார். இந்த வருடம் முன்கொம்பை யார் பிடிப்பது என்று அப்பாவிடம் கேட்டார். தாத்தா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் கேட்டார். தாத்தாவைப் பார்த்துக் கேட்கவில்லை. "தம்பி புடிப்பான்" என்றார் அப்பா. தாத்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் எல்லோரும் வயலுக்குப் போனார்கள். தாத்தாவைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டுப் போனார்கள். அவர் கட்டில் விளிம்பில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏய் அப்பு, இங்குட்டு வா. என் காலைப் புடிச்சுக் கீழ அமுக்கு. நான் தூக்குவேன், நீ விடாத."

அமுக்கினேன். கால் வெடவெடவென்று நடுங்கியது, கொஞ்சம்போல மேலே வந்தது, தொப்பென்று விழுந்தது. எனக்கு ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து தினமும் அதுதான் எங்கள் விளையாட்டு. போகப் போக அவர் பாதத்தின்மேல் நானே உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டேன். குதிரை என்று அதற்குப் பெயர் வைத்தேன். இந்தக் கால் முடிந்தால் அந்தக் கால். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்து நிற்பார், உட்காருவார், மறுபடி எழுவார்.

"என்னடா, பஞ்சு மூட்டையாட்டம் இருக்க? வாய்க்கால்ல கல்லு பொறுக்கி டவுசர்ப் பையில போட்டுக்கிட்டு வா."

"அம்மா வையும் தாத்தா."

"வஞ்சா என்னயச் சொல்லு. நாந்தான் எந்திரிச்சு ஓட முடியாதவன்ல."

சாப்பாட்டிலும் ஒரு ஏற்பாடு இருந்தது. நோஞ்சான் பிள்ளை என்று அம்மா எனக்கு முட்டை அவித்து வைத்துவிட்டுப் போவாள், கருவாடும் இருக்கும். "அப்பு, கஞ்சி இனிக்குது. மாத்திக்கிருவமா?" என்பார். கருப்பட்டிக்காக உடனே தட்டை நீட்டிவிடுவேன். தாத்தாவை நன்றாக ஏமாற்றுகிறோம் என்று எனக்குள்ளே பெருமை. "முட்டை திங்கிற பிள்ளை ஓணானாட்டமே இருக்கானே" என்று அம்மா புலம்புவாள். தாத்தா கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சித்திரைத் திருவிழாவில் சப்பரம் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. முன்கொம்பில் சித்தப்பா. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. தாத்தா எழுந்து நின்றார். அம்மா அலறிக்கொண்டு ஓடினாள்.

"தொடாத ஆத்தா" என்றார்.

படியிறங்கிப் போய்த் துண்டை மடித்துத் தோளில் போட்டார். சித்தப்பா விலகி இடம் கொடுத்தார். சப்பரம் நிமிர்ந்தது. தெருமுனை வரைக்கும் சுமந்துவிட்டுத்தான் கொம்பைக் கொடுத்தார். பெண்கள் குலவை போட்டார்கள். புனிதர் செய்த புதுமை, புதுமை என்றது ஊர். கூட்டத்தில் நின்ற வைத்தியர், தான் கொடுத்த தைலம் வேலை செய்துவிட்டது என்றார்.

மறுநாள் காலையில் பை நிறையக் கல்லோடு நான் கட்டிலுக்குப் போனேன். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தார்கள். தாத்தா வயலுக்குப் போய்விட்டார். என்னோடு விளையாட இனி அவருக்கு இஷ்டமில்லை என்று நினைத்து, கல்லையெல்லாம் கொல்லையில் கொட்டிவிட்டு அழுதேன்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து நானும் படுத்துவிட்டேன். மருமகள் மரியாதையாக ஓட்ஸ் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண் என் காலில் மணல் பையைக் கட்டினாள். "தூக்குங்க அய்யா. படுத்தே கெடந்தா சதை கரைஞ்சிரும். கஞ்சி மட்டும் பத்தாது, முட்டை, பயறு எல்லாம் சாப்பிடணும்" என்றாள். கால் வெடவெடவென்று நடுங்கியது. அந்த மணல் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது: அந்தக் கோடையில் தாத்தா ஒருநாள்கூட விளையாடவில்லை.

புனிதரின் பெயர் மேலே இருக்கட்டும். வைத்தியர் பெயரும் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குக் கீழே, தாத்தா காலில் எடையாக உட்கார்ந்தவன், தன் முட்டையைக் கொடுத்தவன் என்று என் பெயரையும் போடுங்கள். வளைவில் விட்டது போல இதிலும் விட்டுவிடாதீர்கள்.