ஏரி உள்வாய் மருளூமத்தையும் அம்மா சுமந்த பழியும்

“செத்தவங்களப் பத்தி எழுதுன்னா செடியப் பத்தி எழுதிக்கினு இருக்கியே, படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது?” என்று, அம்மாவின் நினைவு மலருக்கு நான் எழுதுவதைப் பார்த்துப் பெரியப்பா கேட்டார். இந்தச் செடியைச் சொல்லாமல் என் அம்மாவைச் சொல்ல முடியாது.

அம்மா நகரிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே நைனா காலமானார். அதன்பின் அம்மா, தறி வைத்திருந்த வீடுகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்து, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக என்னைப் பள்ளிக்கு அனுப்பினார்.

யாருக்காவது கைகால் வீங்கினால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். முற்றிய மருளூமத்தை இலையை மஞ்சளோடு அரைத்து வெதுவெதுப்பாகப் பற்றுப் போடுவார். ஒருவருக்கும் அதை உள்ளுக்குக் கொடுத்ததில்லை.

தெலுங்குக்காரர்கள் மருலமாதங்கி என்று சொல்லும் இந்தச் செடி நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஊமத்தை போல அகன்ற இலை, தொட்டால் சொரசொரக்கும். கொக்கி முள் நிறைந்த காய் புடவையில் ஒட்டினால் லேசில் விடாது. மாடு அதன் பக்கமே போகாது. ஆனால் ஏரித் தண்ணீர் வற்றியதும் உள்வாய்த் தரையின் ஈரத்தில் அது முளைவிடும்போது பார்த்தால் வேறு செடி போல இருக்கும். நீளமாக, தடிப்பாக, பளபளவென்று இரண்டே இலை. சொரசொரப்பும் இல்லை, முள்ளும் இல்லை. மாடு ஆசையாகத் தின்னும். அந்த இரண்டிலைப் பருவத்தில் அது விஷம்.

ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்த மறு வருஷம் எங்கள் ஊரில் மூன்று பசுக்கள் ஒரே நாளில் செத்தன. அன்று ஊர் மாடுகளை மேய்க்கும் முறை என் மாமாவுடையது, அம்மாவின் ஒரே தம்பி. செத்தவற்றில் ஒரு பசுவின் வீங்கிய காலில்தான் முதல் நாள் அம்மா பற்றுப் போட்டிருந்தார்.

“எங்கக்கா கட்டின தழைய நக்கித்தான் செத்துச்சி. நான் இன்னா பண்றது?” என்று மாமா ஊர்ச் சபையில் சொன்னார்.

“மத்த ரெண்டு?” என்றார் ஊர்ப் பெரியவர்.

“அதுங்களுந்தான் கூட நக்கிச்சிங்க.”

பெரியவர் அம்மாவைப் பார்த்தார். “இன்னாம்மா, நெசமா?”

அம்மா தலை குனிந்து, “ஆமாங்க” என்றார்.

அன்றிலிருந்து அம்மாவை ஒருவரும் கூப்பிடவில்லை. கிணற்றடியில், “மாட்டுக்கே எமன், மனுசனுக்கு வைத்தியமாம்!” என்றார்கள். எனக்கு அப்போது பத்து வயது. நானும் நம்பினேன். அந்தக் கையால் பிசைந்த சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், திட்டவில்லை.

சென்ற வருஷம் படுத்த படுக்கையாக இருந்தபோதுதான் வாய் திறந்தார்.

“உங்க மாமன் ஏரிக்குள்ள மாட்ட உட்டுட்டு கரமேல சீட்டாடிக்கினு இருந்தான். நானே பாத்தேன். அப்பத்தான் அவனுக்குப் பொண்ணு கேட்டுக்கினு இருந்தோம். மாட்டச் சாவடிச்சான்னு பேர் வந்தா எவன் பொண்ணு குடுப்பான்? கல்யாணம் ஆவட்டும்க்கா, நானே சபையில சொல்லிட்றேன்னு கால்ல உழுந்தான்.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா?”

“சொன்னா நீ சும்மா இருப்பியா?”

மாமாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மூன்று பிள்ளைகள் பிறந்தன. எல்லை பிரித்துத் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனபோது, மாமியார் வீட்டோடு அந்தப் பக்கம் குடியேறினார். ஒருநாளும் சபைக்கு வரவில்லை. அம்மா போன அன்று வந்து, எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார். அவர் தோளைப் பிடித்து ஆறுதல் சொன்னவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா சொன்னதை ஊர் வெறும் வாய்ச்சொல்லாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் முள்காய்களை ஊறவைத்து ஓட்டைச் சட்டியில் புதைத்தேன். முளைத்ததும் சட்டியோடு பேருந்து ஏறிப் புத்தூர் கால்நடை மருத்துவரிடம் போனேன். “ரெண்டு இலையில இருக்கறப்போ இது மாட்டக் கொல்லும்மா. கால்ல கட்டற தழைப் பத்தால மூணு மாடு சாவாது” என்று சொல்லி, அதையே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

அவருக்கும், அம்மாவின் கடைசி நாட்களில் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அத்தைக்கும், சலித்துக்கொண்டாலும் இதை அச்சகத்துக்கு எடுத்துப்போகிற பெரியப்பாவுக்கும் என் நன்றி.

மருத்துவரின் கடிதத்தை இணைத்து, அம்மா மேல் விழுந்த பழியைச் சபையில் நீக்கும்படி ஊர்ப் பெரியவரிடம் மனு கொடுத்துவிட்டேன். அம்மாவின் முதலாண்டுத் திதிக்கு மறுநாள் சபை கூடுகிறது. மாமாவை வரச் சொல்லிப் பதிவுத் தபாலும் அனுப்பினேன். அவர் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை நேற்று எனக்குத் திரும்பி வந்தது.