காக்காவின் ஒற்றை அறை வீடு

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் யன்னலைத்தான் திறந்து காட்டுவேன். மறைத்து விற்க மனம் வரவில்லை. திறந்ததும் கல்முனைக் கடைத்தெரு அப்படியே உள்ளே வந்துவிடும். "அக்கரைப்பற்று, அக்கரைப்பற்று" என்று கூவுகிற பஸ்காரர், புடவைக் கடையின் ஒலிபெருக்கி, மீன் பெட்டிக்கு ஐஸ் உடைக்கிற சத்தம், பள்ளிவாசல்களில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தொடங்கும் பாங்கொலிகள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நான் யன்னலைச் சாத்திவிட்டு, "இது அறை. இது குசினி. தண்ணி எந்த நாளும் வரும்" என்பேன். வேறொன்றும் சொல்ல எனக்கு வராது.

அந்த மேல்மாடி வீடு என் மூத்த சகோதரருடையது. நான் அவரைக் காக்கா என்றுதான் அழைப்பேன். போன மாரிகாலத்தில் மவுத்தாகிவிட்டார். இறந்தவரின் வீடு மார்க்கப்படி அவருடைய ஒரே மகளுக்கும் எனக்கும் சேர்ந்தது. மகள் கணவனோடு கட்டாரில் இருக்கிறாள். "மாமி, நீங்களே பாத்து வித்திருங்க" என்று சொல்லிவிட்டாள். நான் சாய்ந்தமருதில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல், காக்காவின் வீட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறுவது அந்த மாதங்களில் எனக்கு வழக்கமாகிவிட்டது.

எங்கள் கரையில் வீடு பெண்ணுடையது. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கல்யாணம் முடிப்பார்கள். ஆண் உம்மாவின் வீட்டிலிருந்து பெண்டாட்டியின் வீட்டுக்குப் போவான். காக்காவும் அப்படித்தான் மருதமுனைக்குப் போனார். அம்பாறையில் அரச அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைகிற வேலை. மகளை வளர்த்தார், கல்யாணம் முடித்துக் கொடுத்தார். அவள் வெளிநாடு போன பிறகு அவருக்கும் அவர் பெண்டாட்டியான என் மதினிக்கும் சரிவரவில்லை. சண்டை போட்டதை யாரும் கேட்டதில்லை. காதியாரிடம் போய் விவாகரத்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு பையோடு காக்கா என் வீட்டுக்கு வந்தார்.

என் வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனாலும் என் கணவர் முன்னறைக்குள் வந்தால் காக்கா கதிரையிலிருந்து எழும்பி நிற்பார். "இரிங்க மச்சான்" என்று சொன்னாலும் நிற்பார். ஓய்வு பெற்றதும் இந்த வீட்டை வாங்கினார். ஒரு முற்றமில்லை, கிணறில்லை, ஒரு தென்னைகூட இல்லை. ஊரே சிரித்தது. நானும் கேட்டேன்.

"என்னத்துக்கு காக்கா இந்தக் கடத்தெருவுக்குள்ள வந்து ஊடு வாங்கின?"

"அந்த ஊட்டில கடசிக் காலத்தில அவ என்னோட வாய் தொறக்கல்ல புள்ள. சோத்த வெப்பா, போயிருவா. மணிக்கூடு ஓடுற சத்தம் மட்டும்தான். இஞ்ச பாரு, ஆராவது கத்திட்டே இரிக்கான். எனக்கு நல்லா நித்திர வருது."

அதை நான் நம்பினேன். நம்பாமலிருக்கக் காரணமும் இல்லை.

ஒரு காலையில் பத்திரிகை வாங்கக் கீழே போனவர், திரும்பி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். காக்கா இளைப்பாறுகிறார் என்று கீழே இருக்கிற மருந்துக்கடைக்காரர் நினைத்தாராம். போய்ப் பார்த்தபோது முடிந்திருந்தது. ஜனாஸாவை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களில் ஒருத்தியின் அபாயாவில் கடையின் விலை அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவளிடம் சொல்வதா விடுவதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் எனக்கு நல்ல சபூர் என்றார்கள். பொறுமை என்று அவர்கள் நினைத்ததற்கு என்னிடம் வேறு பெயர் இருக்கவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகும் அப்படியேதான் இருந்தேன். படிப்பித்தேன், சமைத்தேன், வீடு காட்டினேன்.

நிறையப் பேர் வந்து பார்த்தார்கள். ஒலுவில் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, கடல் வளவைத் தின்றுவிட்டது, மாடியென்றால் பயமில்லை என்றார். அவருடைய மனைவி படியேறி முடிந்ததும், "மாடு எங்க கட்டுற?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டாள். வேறொருவர் பிரத்தியேக வகுப்பு வைக்கலாமா என்று பார்த்தார், யன்னலைத் திறந்ததும் வேண்டாமென்றார்.

ஒரு நாள் பின்னேரம் ஒரு இளம் சோடி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கதவைத் தட்டியதும் திறந்தேன். மதினி நின்றார். படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"நீங்க ஊடு காட்டுறதா செல்லினாங்க. நானும் பாக்கலாமா மச்சி?"

"வாங்களன் மதினி."

என்னை அறியாமலே அவருக்கும் யன்னலைத் திறந்தேன். "இது அறை. இது குசினி" என்றேன். எல்லோரையும் போல அவரும் தலையாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். குசினியில் நின்றுவிட்டார். தூள் போத்தல்கள், தேங்காய் துருவி, மீன் ஆக்குகிற சிறிய சட்டி எல்லாம் அப்படியே இருந்தன.

"இதெல்லாம் ஆரு பாவிச்ச?"

"காக்காதான். அவரே ஆக்குவாரு."

"மீனுமா?"

"ஓம். பாரக்குட்டி கிடச்சா எனக்கும் அனுப்புவாரு."

மதினி மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்து மணந்து பார்த்து மூடினார். "எங்கட ஊட்டில அவரு குசினிக்குள்ள கால் வெச்சதில்ல" என்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார். நான் பிளேன்ரீ போட்டுக் கொடுத்தேன்.

"நான் கதைக்கல்லண்டு உங்களுக்கிட்ட செல்லினாரா?"

"ஓம் மதினி."

"நான் கேட்டுட்டேதான் இருந்தன் மச்சி. மகள் போன பொறகு, சாப்பிடுறீங்களாண்டு கேட்டா தலய ஆட்டுவாரு. மகள் போன் எடுத்தாளாண்டு கேட்டா தலய ஆட்டுவாரு. ஒரு நாள் எனக்கு வெக்கமாப் பெய்த்து. அண்டைக்கு நிப்பாட்டினன்." தேநீரை ஒரு வாய் குடித்தார். "நான் நிப்பாட்டினது அவருக்கு விளங்கினதெண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்."

அந்த நேரம் எனக்குக் கோபம் வந்திருக்கலாம். எழும்பிப் போய் அவரைக் கட்டிப்பிடித்திருக்கலாம். இரண்டும் வரவில்லை.

"சீனி காணுமா மதினி?" என்று கேட்டேன்.

"காணும்."

அதற்குள் அந்த இளம் சோடி வந்துவிட்டது. அவளுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை, அவன் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். யன்னலை நான் திறக்க முந்தி அவளே திறந்தாள். கதிரையில் இருந்த மதினியைத்தான் வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டாள்.

"சத்தம் கூடதானே மாமி. இஞ்ச இரிக்கேலுமா?"

மதினி என்னைப் பார்க்கவில்லை. "இரிக்கலாம் மகள்," என்றார். "இருந்தவரு நல்லா இருந்தவரு."

அவர்கள் அறையை அளக்கத் தொடங்கினார்கள். மதினி தன்னுடைய கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "என்னவும் வேணுமெண்டா எடுங்க" என்றேன். "நான் இப்ப அவருக்கு ஆரு மச்சி?" என்று கேட்டார். கோபமில்லாமல், வழி கேட்பதுபோலத்தான் கேட்டார். பிறகு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனார்.

அந்தச் சோடிதான் வீட்டை வாங்கியது. அந்தப் பெண்ணுக்கு மூத்த ராத்தாமார் பலர். இவளுடைய முறை வந்தபோது கொடுக்க உம்மாவிடம் வளவு மிச்சமில்லை. இருவரும் உழைத்துச் சேர்த்து வாங்குகிறார்கள். ஆனால் வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவள் பெயரை மட்டும் போடச் சொன்னான் அவன். "உங்கட பேரயும் போடலாமே தம்பி" என்றேன். "ஊடு பொம்புளப் புள்ளைக்கிதானே ராத்தா" என்று சிரித்தான்.

உறுதி முடிக்கிற நாளில் நொத்தாரிசின் அலுவலக வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது கட்டாரிலிருந்து காக்காவின் மகள் வீடியோ கோல் எடுத்தாள்.

"உம்மா அங்க வந்தாவாமே மாமி. என்ன செல்லினா?"

"நல்ல ஊடெண்டு செல்லினா."

"அழுதாவா?"

"இல்ல."

"நீங்க?"

"இல்ல மகள்."

"எனக்கும் வரல்ல மாமி. வேலக்கிப் போறன், வாறன், புள்ளக்கி சோறு தீத்துறன். வாப்பாட போட்டோவ எடுத்து வெச்சிப் பாத்தன். அப்பவும் வரல்ல. நான் என்ன மாதிரிப் புள்ள?"

"அப்பிடித்தான் மகள் இரிக்கும்" என்றேன்.

அப்போது அவளுடைய குழந்தை வந்து போனைத் தட்டிவிட்டது. திரையில் அவர்களுடைய வீட்டின் வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. அவள் குழந்தையை அதட்டுவதும் பிறகு சமாதானம் சொல்வதும் தூரத்தில் கேட்டது. அவள் திரும்பி எடுக்கும்வரை அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நொத்தாரிசு கூப்பிட்டார். போய்க் கையெழுத்து வைத்தேன்.