கல்யாண கேசட்டில் அக்காவின் முகம்

பூஞ்சை வாசம் அடித்த கல்யாண கேசட்டை என் மகன் கணினிக்கு மாற்றித் தந்தான். போட்டோவுக்காக மாப்பிள்ளை தாலியை அக்காவின் கழுத்தருகே பிடித்தபடி காத்திருந்த இடத்தில் நிறுத்தினேன். அவள் முகம் மட்டும் சீப்புப் பல் போல வரிவரியாகப் பிளந்து நின்றது.

அந்தக் கேசட்டை முதலில் பார்த்தது, இப்போது இடித்துவிட்ட எங்கள் உத்திரமேரூர் வீட்டுக் கூடத்தில். வெயிலை மறைக்கச் சன்னலில் தொங்கிய ஈரச் சாக்கும், வாடகை வீடியோ டெக்கின் சூடான பிளாஸ்டிக் வாசமும், நெல் மூட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்த சொந்தக்காரர்களின் இரைச்சலுமாக, அந்தத் தாலிக் காட்சியையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம்.

"பொண்ணு எப்டி குந்திகினு கீது பாரு, செலையாட்டம்," என்றார் நைனா. மறுவீட்டுக்கு வந்திருந்த அக்கா, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தாலிக்கயிற்றின் மஞ்சளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், "எனக்கு இஸ்டம் இல்லடி, நைனாகிட்ட நீ சொல்லுடி, உன்னன்னா அடிக்க மாட்டாரு," என்று அப்போது பத்து வயதான என்னிடம் கெஞ்சியிருந்தாள். நான் சொல்லவில்லை.

"பழைய வீடியோல ஒவ்வொரு ஃப்ரேமும் ரெண்டு பாதிம்மா," என்றான் மகன். ஒன்றுவிட்டு ஒரு வரியில் ஒரு கணம், விட்ட வரிகளில் அடுத்த கணம். டிவியில் ஓடும்போது கண் அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துக்கொள்ளும். கணினியில் நிறுத்தினால், இடையில் அசைந்தது மட்டும் பிளந்து தெரியும்.

மாப்பிள்ளை பிளக்கவில்லை. பந்தல்காலும் பிளக்கவில்லை. பாதி வரிகளில் அக்கா தலை குனிந்திருக்கிறாள். மீதி வரிகளில், நைனாவின் பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்கிறாள்.