என் முதல் ஜெர்மன் வசனம்

கலியாணம் முடிந்த கையோடு அவர் ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார். நான் போய்ச் சேர வேண்டுமென்றால் ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். ஒருமுறை ஃபெயில். இந்த முறையும் கோட்டை விட்டால் விசா அலுவல் இன்னும் தள்ளிப்போகும்.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்து, கொள்ளுப்பிட்டி ஆபீஸ் ஒன்றில் நாள் முழுக்க இங்கிலீஷில் வேலை செய்கிறவள் நான். ஜெர்மன் என்ன பெரிய விஷயம் என்ற தலைக்கனத்தோடுதான் வெள்ளவத்தை வகுப்புக்குப் போனேன். அந்த இங்கிலீஷே காலை வாரியது. இங்கிலீஷில் சும்மா சந்தோஷப்படலாம், சும்மா கோபப்படலாம். ஜெர்மனில் இரண்டுக்கும் 'என்னை' என்று அர்த்தம் வரும் 'மிஹ்' ஒன்றைச் சேர்க்க வேண்டும். முதல் பரீட்சையில் அத்தனை 'மிஹ்'ஐயும் விழுங்கிவிட்டேன்.

"இங்கிலீஷ வீட்டில வச்சிட்டு வாங்கோ," என்றார் ரீச்சர். வகுப்பில் எல்லோரும் புருஷனிடம் போகக் காத்திருந்தவர்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே பாடம்: 'இஹ் ஃப்ரோயே மிஹ் அவுஃப் மைனென் மன்.' கணவரிடம் போகப்போவது எனக்குச் சந்தோஷம். செபமாலை சொல்வதுபோல் சேர்ந்து சொல்வோம்.

வீட்டிலும் விடுதலை இல்லை. பழக வேண்டுமாம், போனில் கணவர் ஜெர்மன் மட்டும்தான் கதைத்தார். எனக்குக் காய்ச்சல் என்றபோதும் முதலில் வசனத்தைத் திருத்தினார். பரீட்சைக்கு முதல்நாள், இந்த முறையும் நான் ஃபெயிலானால் தனக்கு வெட்கம் என்றார், ஜெர்மனில். அதில் 'மிஹ்' சரியான இடத்தில் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரீட்சை அறைக்குள் போனேன். கணவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார் பரீட்சை நடத்திய அம்மா. பாடமாக்கியதைத் தொடங்கினேன். 'நான்' என்கிற 'இஹ்' வரைக்கும் வந்தது, சந்தோஷம் வரவில்லை.

'இஹ் எர்கெரே மிஹ் யூபர் மைனென் மன்.' என் கணவரில் எனக்குக் கோபம்.

அந்த அம்மா பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதினார். நான் பாஸ் என்று தெரிய நாளெடுத்தது. அன்றைக்கு எல்லாம் முடிந்தது என்றுதான் வெளியே வந்தேன்.

காலி வீதி பஸ் தரிப்பிடத்துக்கு வந்ததும் போன் அடித்தது, அவர்தான். என்ன சொன்னாய் என்று ஜெர்மனில் கேட்டார். சொன்ன வசனத்தை அப்படியே சொன்னேன். திருத்த அதில் ஒன்றும் இல்லை. 

"நீர் என்னோட கோவமோ?" என்றார், தமிழில்.

"ஓம்," என்றேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.