இரண்டாவது பொத்தான் இல்லாத கோட்டு: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். உலகத்தின் பேர்போன கோபுரம், பாலம், சிலை என்று எதன் படத்தைக் காட்டினாலும் பெயரும் ஊரும் சொல்லிவிடுவேன். படம் பிடித்தவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் சொல்வேன். நிழலைப் பார்த்தால் காலையா மாலையா என்பதும் தெரிந்துவிடும். இவ்வளவு பீற்றிக்கொள்கிற என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. ஒருமுறை புதுப்பித்தும் ஆயிற்று, பக்கங்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன.

பைத்தியம் தொடங்கியது யாழ்ப்பாணத்தில், எங்கள் வீட்டு முன்னறையில். அங்கே சுவரில் என் அண்ணன் தவத்தின் படம் தொங்குகிறது. பின்னால் ஈபிள் கோபுரம், முன்னால் பழுப்புக் கோட்டுப் போட்ட அண்ணன், முழங்கால் வரைக்கும். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னர், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் மூலமாகப் பாரிசுக்குப் போனவன். "சுகமாகச் சேர்ந்துவிட்டார்" என்ற துண்டுக் கடிதத்தோடு அந்தப் படம் வந்தது. அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, போனும் இல்லை. அப்போது எனக்குப் பதினைந்து வயது.

அம்மாவுக்கு அவன் கோபத்தில் இருக்கிறான் என்ற எண்ணம். புறப்பட்ட அன்று இருவருக்கும் வாய்த்தர்க்கம். "போறதெண்டால் போ, திரும்பி வந்து என்ர முகத்தில முழியாதை" என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்கோ அந்த இரக்கமெல்லாம் இல்லை. பாரிசைக் கண்டதும் எங்களை மறந்துவிட்டான் என்று முடிவுகட்டி, அவன் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டேன். அம்மா மட்டும் படத்தைத் துடைக்கும்போதெல்லாம், "கோட்டுக் கை விரலையும் மூடிக்கொண்டு நிக்குது. ஆரின்ர கோட்டோ" என்று முணுமுணுப்பார். இருபத்தெட்டு வருடமாக அதே முணுமுணுப்பு.

இனிப் பயணம். வெள்ளவத்தையில் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு உலக அதிசயங்கள், நினைவுச் சின்னங்கள் பற்றி ஒரு வினாடிவினா நடக்கிறது, யாரும் கலந்துகொள்ளலாம் என்று முகநூலில் கண்டேன். விடுவேனா? போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏசி பஸ் ஏறினேன். கட்டணம் 2,600 ரூபாய், ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர். பிற்பகல் இரண்டரைக்கு வெள்ளவத்தையில் இறங்கினேன். கடற்கரைப் பக்க ஒழுங்கையில், ரயில் பாதைக்குக் கிட்ட, மின்விசிறி அறை ஒரு நாளைக்கு 5,500. கட்டில் பரவாயில்லை. ரயில் போகும்போது கண்ணாடித் தம்ளர் மேசையில் நகரும், அதைச் சுவரோரம் வையுங்கள். இராச் சாப்பாடு இடியப்பமும் சொதியும், 480. சொதியில் தண்ணீர் கொஞ்சம் கூடுதல்.

மண்டபம் அறையிலிருந்து நடந்து எட்டு நிமிடம். எழுபது பேர் இருக்கலாம், குடும்பம் குடும்பமாக. நடத்தியவர் றிஸ்வான், முப்பது வயதுக்குள். கொட்டாஞ்சேனையில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். நல்ல வாய்க்காரர். முதல் மூன்று சுற்றுகளில் எனக்கு ஒரு பிழைகூட இல்லை. பக்கத்தில் இருந்த கல்கிசை வங்கிக்காரர் எட்டி எட்டிப் பார்த்தார். நான் கையால் மறைத்துக்கொண்டேன்.

நான்காவது சுற்று படச் சுற்று. "கூகுள் படம் போட்டா போனில தட்டிக் கண்டுபிடிச்சிருவீங்க. அதனால எங்கட கடையில கிடந்த பழைய படங்களைப் போடுறன். வெளிநாட்டில இருக்கிற நம்மட ஆக்கள், கொப்பி எடுக்கக் குடுத்து விட்டது" என்றார் றிஸ்வான்.

முதல் படம் லண்டன் மணிக்கூட்டுக் கோபுரம், முன்னால் ஒரு பெடியன். எழுதினேன். இரண்டாவது நியூயோர்க்கின் சுதந்திரச் சிலை, முன்னால் வேறொரு பெடியன். எழுதும்போதுதான் கண்ணில் பட்டது, இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பழுப்புக் கோட்டு. அந்தக் காலத்து மோடலாக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது படம் ஈபிள் கோபுரம், வேறு பெடியன். அதே கோட்டு, மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. பொத்தான் இருந்த இடத்தில் ஒரு நூல் தொங்கியது.

நான்காவது படத்திலும் அந்த நூல் தொங்கியது. ஐந்தாவதிலும்.

லண்டன், நியூயோர்க், பாரிஸ், ரோம். ஊர் மாறுகிறது, ஆள் மாறுகிறார், கோட்டு மாறவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கமராவுக்குச் சற்று வலப்பக்கமாக, ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றார்கள். ஒழுங்கைக்கு அப்பால் ரயில் போனது, திரை ஆடியது, அந்த முகங்களும் ஆடின. சுற்றிப் பார்த்தால் எல்லோரும் குனிந்து விடை எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கோபுரத்தைப் பார்த்தார்கள், கோட்டு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"கடைசிப் படம் போனஸ். இடம் எல்லாருக்கும் தெரியும். ஆனா கால்ல என்ன போட்டிருக்கார் எண்டு பாருங்க" என்றார் றிஸ்வான்.

திரையில் என் அண்ணன் நின்றான்.

எங்கள் வீட்டுப் படம்தான், அதே நூல் தொங்குகிற கோட்டோடு. ஆனால் வீட்டில் இருப்பது முழங்காலோடு வெட்டப்பட்டது, இது முழுப்படம். அண்ணனின் காலில் நீலவார் ரப்பர் செருப்பு. வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போன அதே செருப்பு. பாரிஸ் குளிரில் செருப்போடு நிற்கிறார் என்று மண்டபமே சிரித்தது. வங்கிக்காரர் என் தோளில் தட்டிச் சிரித்தார். எனக்கு எழும்பிக் கத்தவேண்டும் போல இருந்தது. செருப்புக்குக் கீழே சிவப்புச் சீமெந்துத் தரை. அந்தத் தரையில் அண்ணனுக்கு நிழல் விழுந்திருந்தது. பின்னாலிருந்த கோபுரத்தின் அடியிலும் நிழல் இருந்தது, எதிர்ப்பக்கமாக. ஊரார் படத்திலெல்லாம் நிழல் பார்க்கத் தெரிந்த எனக்கு, சொந்த அண்ணனின் படத்தில் முக நிழலைக்கூட ஒருநாளும் பார்க்கத் தோன்றவில்லை.

"சரியான விடை, ஈபிள் கோபுரம், பாரிஸ்!" என்றார் றிஸ்வான். எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்கு முதலிடம், ஒரு சுவர்க் கடிகாரம். அதை வாங்கும்போது றிஸ்வானிடம், "தம்பி, கடைசிப் படத்தில நிண்டது என்ர அண்ணன்" என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது. வாப்பாட ஸ்டூடியோத் தகரப்பெட்டியில இருந்திச்சு. நாளைக்குக் காலையில கடைக்கு வாங்க. ராத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும், அவதான் சின்னதில வாப்பாவோட நிண்டவ."

திங்கள் காலை எட்டரைக்குக் காலி வீதியில் பஸ் பிடித்தேன். புறக்கோட்டைக்கு 70 ரூபாய், ஐம்பது நிமிடம். அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோ, கேட்டது 500, கொடுத்தது 350. சாரதி நல்ல மனிதர். முகத்துவாரத்துக்காரர், அண்ணாவுக்கு 'அய்யே' என்கிற சிங்களத் தமிழில் கதைத்தார். "அய்யே, கொட்டாஞ்சேனையில பாக்கிறதுக்கு என்ன இருக்கு? பெரிய சேர்ச் ஒண்டு இருக்கு, அவ்வளவுதானே" என்றார். அண்ணன் கடைசியாகப் போன் எடுத்தது கொட்டாஞ்சேனை லொட்ஜிலிருந்து என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "நாளைக்கு வெளிக்கிடுறன்" என்று சொன்னவன்.

கடை பெரிய தேவாலயத்திலிருந்து நடந்து ஆறு நிமிடம். முன்னால் போட்டோக்கொப்பி மெஷின். பின்னறைதான் றிஸ்வானின் தந்தையுடைய பழைய ஸ்டூடியோ, இப்போது பேப்பர்க் கட்டுகள் அடுக்கியிருக்கிறது. காலை பத்து மணி, நல்ல வெயில், வெளியே மீன்காரர் கத்திக்கொண்டு போகிறார். இருந்தும் உள்ளே கால் வைக்க எனக்குத் தயக்கமாக இருந்தது. தரை சிவப்புச் சீமெந்து.

றிஸ்வானின் ராத்தா, அதாவது மூத்த சகோதரி நஸ்ரின், நாற்பது வயதைத் தொடுபவர், கதிரை இழுத்துப் போட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஏஜென்சிக்காரர் ஒருத்தர் லொட்ஜில இருக்கிற பொடியன்மாரைக் கூட்டிட்டு வருவார். சுவர்ல ஒட்டுற பெரிய கலர்ப் படம் இருக்குமே, அதைத் தடியில சுத்தி வெச்சிருந்தோம். போற நாட்டுக்குத் தக்க மாதிரி விரிக்கிறது. கோட்டு ஒண்டுதான். எல்லாருக்கும் பெருசு. பின்னால உடுப்புக் கிளிப் குத்தி இறுக்கிறது நான். எனக்குப் பத்து பதினொரு வயசு. விளையாட்டு மாதிரித்தான் இருந்திச்சு."

"எதுக்கு எடுக்கினம் எண்டு அவையளுக்குச் சொன்னதோ?"

"ஃபைலுக்கு எண்டுதான் சொல்லுவார். பிறகுதான் வாப்பாவுக்கு விளங்கிச்சு. படம் வீட்டுக்குப் போனாத்தான் வீட்டு ஆக்கள் ஏஜென்சிக்கு மிச்சக் காசு குடுப்பாங்க. ஆள் போய்ச் சேர்ந்ததுக்கு அத்தாட்சி அதுதான். விளங்கின அண்டைக்கே வாப்பா அந்த ஆளை விரட்டிட்டார். படங்களை மட்டும் வீச மனம் வரல்ல."

"படம் எடுத்த பிறகு எங்க கொண்டு போனவை?"

"ரெண்டு மூணு நாள்ல வேனில ஏத்துவாங்க. அதுக்குப் பிறகு தெரியாது அண்ணே. ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்ல."

அவர் தகரப்பெட்டியைத் திறந்தார். நாற்பத்தொரு படங்கள். அண்ணனின் படத்தின் பின்னால் பென்சிலில் 'தவம், திங்கள்' என்று மட்டும் இருந்தது. திங்கட்கிழமை எடுத்த படம். அண்ணன் கொழும்பில் தங்கியது ஒரே ஒரு வாரம்தான். "நாளைக்கு வெளிக்கிடுறன்" என்று அவன் போனில் சொன்னது அதே வாரத்துப் புதன்கிழமை. பாரிசில் நிற்கிற படம் எடுத்து இரண்டு நாளுக்குப் பிறகும் என் அண்ணன் கொட்டாஞ்சேனையில் இருந்திருக்கிறான்.

பிறகு நஸ்ரின் கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். ஆணியில் அந்தக் கோட்டு தொங்கியது. "மழைக்கு மெஷினை மூடுறதுக்கு வெச்சிருக்கோம்" என்றார், குற்றம் செய்தவர் போல.

போட்டுப் பார்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கோட்டின் கை எனக்கும் விரல்களை மூடியது. கழுத்துப் பட்டை கறுத்து, வழுவழுவென்று இருந்தது. எத்தனை கழுத்து பட்டதோ. நூல் இன்னும் தொங்கியது. அந்தப் பெடியன்கள் நின்ற இடத்தில் நின்று, அவர்கள் பார்த்த திசையைப் பார்த்தேன். நாற்பத்தொரு பேரும் பார்த்துக்கொண்டு நின்றது வாசல் கதவை. அது திறந்தே கிடந்தது. வெளியே ஒரு பெண் கீரைக்கட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். பத்து அடி எடுத்துவைத்தால் தெரு. போயிருக்கலாமே அண்ணா, போயிருக்கலாமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நஸ்ரின் ஓடிவந்து என் முதுகுப் பக்கம் கையை வைத்தவர், சட்டென்று எடுத்துக்கொண்டார். கிளிப் குத்துகிற இடம் அது.

திரும்பும் பஸ்ஸில் எட்டரை மணித்தியாலமும் விழித்துக்கொண்டே வந்தேன். அண்ணனை எங்கெல்லாம் தேடவேண்டும் என்பதைவிட, அவனை எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. மறந்துவிட்டான், சொகுசு கண்டுவிட்டான், நன்றிகெட்டவன். பாரிசையே காணாத ஒருவனை.

அம்மாவிடம் மறைக்கலாமென்றுதான் நினைத்தேன். முடியவில்லை. முழுப்படத்தைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா செருப்பை விரலால் தடவினார். அழுவார் என்று பார்த்தால் அழவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அவன் என்னோட கோவமில்லை, என்ன?"

"இல்லையம்மா."

அதற்குப் பிறகுதான் அழுதார். காணாமல்போனோர் முறைப்பாட்டுக்கு வேண்டிய கடிதங்களை இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கிடைப்பான் என்று நானும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளவத்தை அறையை முன்னரே பேசிவிடுங்கள், வார இறுதியில் கிடைக்காது. புறக்கோட்டையில் ஓட்டோக்காரர் கேட்பதில் மூன்றிலொரு பங்கைக் குறைக்கலாம். கடைக்குக் காலையில் போங்கள், வெள்ளிக்கிழமை பிற்பகல் பூட்டு. பெயரை இங்கே போடவில்லை, எனக்கு எழுதினால் வழி சொல்கிறேன். தகரப்பெட்டி இப்போது மெஷினுக்குப் பக்கத்தில், திறந்தபடி இருக்கிறது. யார் வந்து பார்த்தாலும் நஸ்ரின் எடுத்துக்கொடுப்பார். இன்னும் நாற்பது படங்கள் இருக்கின்றன.

உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தக் காலத்துப் படம் ஒன்று, ஏதோ ஒரு கோபுரத்தின் முன்னால், பிறகு ஒரு சொல்லும் எழுதாத ஒருவருடையது தொங்கினால், இன்றைக்கே கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோபுரத்தை விடுங்கள். கோட்டில் இரண்டாவது பொத்தான் இல்லையென்றால், அவர் மேல் வைத்திருக்கிற கோபத்தை விட்டுவிடுங்கள்.